யாருடைய சத்தம் இசை?

(பாளையங்கோட்டையில் இரண்டு ஆவணப்படங்களைத் திரையிட்டபின் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



ரெண்டு படத்தையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். மூணு மணி நேரம் ஆச்சு. ஓடுவது ரெண்டு ஃபேன். டீ வந்துகொண்டிருக்கிறது என்று அமைப்பாளர்கள் சொல்லச் சொன்னார்கள், சொல்லிவிட்டேன். நான் சினிமா விமர்சகன் கிடையாது. கவிதை எழுதுகிறவன், பகலில் வங்கியில் கிளார்க். இசைப் பயிற்சியும் இல்லை. ஆனால் இந்த ரெண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரு விஷயம் கண்ணில் குத்துகிறது. அதைப் பேசத்தான் எழுந்திருக்கிறேன்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். முதல் படம் 'இட் மைட் கெட் லவுட்'. நம்ம பாஷையில் சொன்னால், 'சத்தம் கொஞ்சம் கூடும், பாத்துக்கோங்க'. 2008இல் டேவிஸ் குகன்ஹைம் எடுத்தது. பூமி சூடாவதைப் பற்றி அல் கோர் பேசிய படத்தை 2006இல் எடுத்தாரே, அவர்தான். லெட் ஸெப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ், யூ டூ குழுவின் எட்ஜ், ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் ஜாக் ஒயிட் என்று மூன்று கிதார்க்காரர்கள். 2008 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பெரிய கூடத்தில் மூவரையும் உட்காரவைத்துப் பேசவிடுகிறார், வாசிக்கவிடுகிறார். இரண்டாவது படம் 'திஸ் இஸ் எ மியூசிக்', அதாவது 'இது ஒரு இசை'. அமெரிக்காவில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் இசையியல் பேராசிரியராக இருக்கும் ஸோயி ஷெரினியன் 2011இல் எடுத்தது. முனைவென்றி கிராமத்துக் 'குறிஞ்சி மலர்' பறைக் குழுவைப் பற்றியது.

ஒரு படத்தின் பெயர் எச்சரிக்கை செய்கிறது. இன்னொரு படத்தின் பெயர் வாதாடுகிறது. முதல் படத்தில் சத்தம் என்பது பெருமை. கதவைச் சாத்திக்கோ, காதைப் பொத்திக்கோ, நான் வாசிக்கப் போறேன் என்கிற மிதப்பு அதில் இருக்கிறது. இரண்டாவது படத்தில் சத்தம் என்பது வசவு. 'இது வெறும் சத்தமில்லய்யா, இசை' என்று அட்டையிலேயே எழுதிக்கொண்டு உள்ளே வர வேண்டியிருக்கிறது. கிதாரைப் பற்றி ஒருவன் படம் எடுத்து 'இது ஒரு இசை' என்று பெயர் வைத்தால் சிரிக்க மாட்டார்களா?

உடனே ஒரு தோழர் கேட்பார், ராக் இசையையும் முதலில் சத்தம் என்றுதானே திட்டினார்கள் என்று. வாஸ்தவம். 1950களில் அமெரிக்க வெள்ளைப் பெற்றோர்கள் அதைக் காட்டுக்கூச்சல் என்றார்கள். ஏன் அப்படிச் சொன்னார்கள்? அது கறுப்பர்களின் இசை என்று தெரிந்திருந்ததால். வசவு வந்த பாதையும் நிறம்தான். பிறகு வெள்ளைப் பையன்கள் கைக்கு வந்ததும் வசவு போய்விட்டது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்தப் படத்தின் நல்ல விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். தொடக்கக் காட்சி ஞாபகம் இருக்கும். ஜாக் ஒயிட் ஒரு பண்ணை வீட்டு வாசலில் நிற்கிறார். பக்கத்தில் மாடு மேய்கிறது. ஒரு பலகை, ரெண்டு ஆணி, ஒரு கம்பி, ஒரு காலி கோக் பாட்டில். பலகையில் ஆணி அடித்து, கம்பியை இழுத்துக் கட்டி, பாட்டிலை அடியில் செருகி, ஒலியை மின்சாரமாக்குகிற ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தி மீட்டுகிறார். அலறுகிறது. கிதார் எதுக்கு விலைக்கு வாங்கணும் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்க்கிறார். மாடுகளும் பார்க்கின்றன. இந்த ஆள் ஒரு காலத்தில் சோபா, நாற்காலிகளுக்கு மெத்தை தைக்கிற வேலை பார்த்தவர். கைவேலை தெரிந்தவன் கை அது, பார்த்தாலே தெரிகிறது.

எட்ஜ் டப்ளினில் தான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போகிறார். தானும் அண்ணனும் சேர்ந்து சின்ன வயதில் சொந்தமாகக் கிதார் செய்த கதையைச் சொல்கிறார். அவருடைய ஒலி முழுக்க எதிரொலிக் கருவிகளால் ஆனது. அந்தக் கருவிகளை அணைத்துவிட்டு வாசித்துக் காட்டுகிறார், ரெண்டு மூணு சுரம்தான் இருக்கிறது. வித்தையைத் திறந்து காட்டுவதில் அவருக்குக் கூச்சமில்லை. பேஜ் தன் வீட்டில் பழைய இசைத்தட்டுகளுக்கு நடுவே நின்று லிங்க் ரேயின் 'ரம்பிள்' தட்டைப் போட்டுவிட்டு வெறுங்கையால் காற்றில் கிதார் வாசிக்கிறார். அறுபதைத் தாண்டிய மனிதர் பதினாலு வயசுப் பையனாகிவிடுகிறார். (லிங்க் ரே ஷானி பழங்குடி வம்சாவளியில் வந்தவர். ராக் இசையில் பழங்குடியினர் பங்கைப் பற்றி 2017இல் வந்த ஆவணப்படத்துக்கு அந்தத் தட்டின் பெயரையே வைத்தார்கள்.)

இப்படி ஒன்றரை மணி நேரமும் அந்தக் கேமரா கையைப் பார்க்கிறது, விரலைப் பார்க்கிறது, கம்பியைப் பார்க்கிறது. இந்த ஒலி எப்படி வந்தது, யாரிடம் கேட்டாய், எந்தக் கருவி, எந்த அறை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு கலைஞனை மரியாதை செய்வது என்றால் எனக்கு அதுதான். மாலை போடுவதல்ல, அவன் வேலையைப் பற்றி அவனிடம் கேட்பது.

இனி அது எதைக் கேட்கவில்லை என்று பார்ப்போம்.

பலகையில் ஆணியடித்து ஒற்றைக் கம்பி கட்டினாரே, அது ஜாக் ஒயிட் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்காவின் தெற்கில், மிசிசிப்பியில், குத்தகைக்குப் பருத்தி விளைவித்த கறுப்புக் குடும்பங்களின் பிள்ளைகள் செய்து விளையாடிய கருவி. துடைப்பத்தில் சுற்றியிருக்கும் கம்பியை அவிழ்த்து, வீட்டுச் சுவரிலேயே ஆணியடித்துக் கட்டுவார்கள். பாட்டிலை வைத்து இழைப்பார்கள். 'டிட்லி போ' என்று பெயர். கடையில் கிதார் வாங்கக் காசில்லாத பிள்ளைகள் செய்தது. வெள்ளைக் கலைஞன் செய்தால் அது எளிமையின் தத்துவம் ஆகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு அது தத்துவம் இல்லை, வேறு வழி இல்லை.

ஜாக் ஒயிட் நேர்மையானவர், அதையும் சொல்ல வேண்டும். தனக்கு மிகப் பிடித்த பாட்டு என்று சன் ஹவுஸ் பாடிய ஒரு பாட்டைப் போட்டுக் காட்டுகிறார். அதில் கிதாரே இல்லை. ஒரு மனிதனின் குரல், கைதட்டல். அவ்வளவுதான். கிதார்க்காரர்களைப் பற்றிய படத்தில் ரொம்ப ஆழமான இடம் கிதார் இல்லாத இடம். நான் அங்கேயே நின்றுவிட்டேன். யார் இந்த சன் ஹவுஸ்? 1902இல் மிசிசிப்பியில் பிறந்தவர். பிரசங்கியாராக இருந்தார். பார்ச்மன் சிறைப் பண்ணையில் கிடந்தார். 1930இல் சில தட்டுகள் பதிவு செய்தார், விற்கவில்லை. 1943இல் வடக்கே ராச்செஸ்டர் நகரத்துக்குப் போய் ரயில்வேயில் வேலை பார்த்தார். கிதாரை விட்டே விட்டார். 1964இல் மூன்று வெள்ளை இளைஞர்கள் தேடிக் கண்டுபிடித்து மேடையேற்றியபோது அவருக்குத் தன் பாட்டுகளே மறந்துபோயிருந்தன. ஆல் வில்சன் என்ற வெள்ளை இளைஞர், பழைய தட்டுகளைக் கேட்டுக் கற்றுவைத்திருந்தவர், சன் ஹவுஸுக்குச் சன் ஹவுஸின் பாட்டுகளைத் திரும்பக் கற்றுக்கொடுத்தார்.

இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊரிலும் இது நடக்கிறது.

அடுத்து, பேஜ் தன் பிரபலமான 'ஹோல் லாட்டா லவ்' பாட்டின் கிதார் மெட்டை வாசிக்கிற காட்சி. மற்ற ரெண்டு பேரும் எழுந்து பக்கத்தில் வந்து குழந்தைகள் மாதிரி சிரிக்கிறார்கள். அழகான காட்சிதான், மறுக்கவில்லை. கிதார் மெட்டு பேஜுடையது. ஆனால் அந்தப் பாட்டின் வார்த்தைகளுக்காக வில்லி டிக்சன் 1985இல் வழக்குப் போட்டார். அவர் எழுதி, மடி வாட்டர்ஸ் 1962இல் பாடிய பாட்டிலிருந்து எடுத்தது என்று. 1987இல் நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடித்தார்கள். பிற்பாடு வெளியான தட்டுகளில் டிக்சன் பெயரும் சேர்ந்தது. 1969இல் வந்த பாட்டு, எழுதினவன் பெயர் ஏற இத்தனை வருஷம்.

இன்னொரு காட்சி. பேஜ் இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டுக்குப் போகிறார். 1971இல் வந்த அவர்களுடைய நான்காவது ஆல்பத்தின் பெரும்பகுதி அங்கே பதிவானது. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் கூடத்தில் ஜான் பான்ஹமின் டிரம்ஸை வைத்து, மைக்கை மேலே மாடியில் கட்டித் தொங்கவிட்டு எடுத்தார்களாம். கூடத்தில் நின்று கையைத் தட்டிக் காட்டுகிறார். 'வென் த லெவி பிரேக்ஸ்' பாட்டின் அந்த இடி மாதிரி ஒலி அப்படி வந்தது. அந்த ஒலியின் ரகசியம் கேட்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாட்டு என்ன பாட்டு? லெவி என்றால் ஆற்றங்கரையில் கட்டும் மண் அணை. 1927இல் மிசிசிப்பி ஆறு கரை உடைத்தபோது, கிரீன்வில் என்ற ஊரில் ஆயிரக்கணக்கான கறுப்பு மக்களை வெளியேற விடாமல் கரைமேலேயே முகாமில் வைத்தார்கள். போய்விட்டால் பருத்திக் காட்டுக்குக் கூலியாள் கிடைக்காதே! துப்பாக்கி முனையில் மண் சுமக்கவைத்தார்கள். அந்த வெள்ளத்தைப் பற்றி 1929இல் மெம்ஃபிஸ் மின்னி என்ற கறுப்புப் பெண்ணும் அவர் கணவர் கான்சஸ் ஜோ மெக்காயும் பதிவு செய்த பாட்டு அது. படத்தின் அக்கறை மாடிப்படி எதிரொலியோடு நின்றுவிடுகிறது.

திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு ஒரு ஆற்றங்கரையைப் பற்றி, கூலிக்காரர்களைப் பற்றி, துப்பாக்கியைப் பற்றிக் கேட்கும்போது நமக்கு என்ன ஞாபகம் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்தவர்களைப் போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் துரத்தியதில் 17 பேர் செத்தார்கள். கைக்குழந்தையும் அதில் ஒன்று. அப்போது இந்த ஊரில் காஞ்சனை திரைப்பட இயக்கம் நடத்திய ஆர்.ஆர். சீனிவாசன் 'நதியின் மரணம்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். அந்தப் படம் இல்லையென்றால், அரசு சொன்ன கதைதான் மிச்சமிருந்திருக்கும். ஆவணப்படம் என்றால் இந்த ஊர்க்காரனுக்கு முதலில் அதுதான். ஆகவே எந்தப் படத்தைப் பார்த்தாலும், கேமரா எங்கே திரும்பியது, எங்கே திரும்பவில்லை என்று கேட்கிற பழக்கம் நமக்கு உண்டு. கிதார்ப் படத்தையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

இப்ப இரண்டாவது படத்துக்கு வருவோம்.

ஷெரினியன் வெளியே நின்று எடுக்கவில்லை. அந்தக் குழுவினரிடம் பறை கற்றுக்கொண்டு எடுத்தார். அதற்கு முன்பே மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த பரட்டை என்கிற தியாபிலஸ் அப்பாவுவின் இசையைப் பல வருஷம் ஆய்வு செய்தவர். 2014இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். பாளையங்கோட்டைக்காரர்களுக்கு அப்பாவுவை அறிமுகப்படுத்த வேண்டாம். கோயிலுக்குள் ஆர்கன் வரலாம், கிதார் வரலாம், கர்நாடக ராகத்தில் கீர்த்தனை வரலாம், நாட்டுப்புறப் பாட்டும் கொட்டும் மட்டும் ஏன் வாசலில் நிற்க வேண்டும் என்று கேட்டவர் அவர். அதே கேள்வியைத்தான் இந்தப் படமும் கேட்கிறது.

ஒரு வித்தியாசம் பாருங்க. கிதார்ப் படத்தில் மூன்று பேருக்கும் தங்கள் பிறப்பைப் பற்றிப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. நேரே வேலைக்குப் போய்விடலாம். பறைக் கலைஞருக்கு அந்த வசதி கிடையாது. குச்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தீண்டாமையைப் பற்றிப் பேசியாக வேண்டும். இழவு வீட்டில் எங்கே நிற்கவைத்தார்கள், காசை எப்படிக் கொடுத்தார்கள், சாப்பாடு எங்கே போட்டார்கள். அதைச் சொல்லாமல் போனால் பொய். ஆனால் அதை மட்டுமே சொல்லவைத்தால் அதுவும் ஒருவகை அடிமைத்தனம்தான். பறையடிக்கிறவரைப் பார்த்ததும் மைக்கை நீட்டி 'உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க' என்கிற படங்கள் நிறைய வந்துவிட்டன. 'அந்த மூணாவது அடிக்குக் குச்சியை எப்படித் திருப்புனீங்க?' என்று கேட்ட படங்கள் குறைவு. குறிஞ்சி மலர்ப் படம் இரண்டையும் கேட்க முயல்கிறது. அதனால்தான் இதை இன்றைக்குத் திரையிடச் சொன்னேன்.

பறை எப்படிச் செய்யப்படுகிறது? இங்கே இருக்கும் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வேப்ப மரத்தில் மூன்று வளைந்த துண்டுகள் செதுக்கி, இரும்புப் பட்டைகளால் இணைத்து ஒரு வட்டச் சட்டம் ஆக்குவார்கள். கன்றுத் தோலைப் பதப்படுத்தி, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவார்கள். இடது கையில் மூங்கிலில் சீவிய மெல்லிய நீளக் குச்சி. வலது கையில் குட்டையான கனத்த அடிக்குச்சி. அடிப்பதற்கு முன்னால் வைக்கோலோ சருகோ கொளுத்திக் காய்ச்ச வேண்டும். தோலில் ஈரம் ஏறினால் தொய்ந்துபோகும், சூட்டில் ஈரம் போய் இறுகும். கிதாரில் ஆணியைத் திருகிச் சுருதி சேர்க்கிறார்களே, அதே வேலையைத்தான் நெருப்பு செய்கிறது. எவ்வளவு காய்ச்ச வேண்டும் என்பதைக் காதும் விரலும் முடிவு செய்யும். கூடக் காய்ந்தால் தோல் கிழிந்துவிடும். நம் பக்கத்திலேயே சுடலைமாடன் கொடையில் கணியான்கள் மகுடம் அடிப்பதைக் கேட்டிருப்பீர்கள். உச்ச மகுடம், மந்த மகுடம் என்று இரண்டு, ஒன்று எடுத்துக் கொடுக்க மற்றது பதில் சொல்லும். ரெண்டு கிதார் பேசிக்கொள்வதைப் பார்க்க லாஸ் ஏஞ்சலிஸ் போக வேண்டியதில்லை.

இதையெல்லாம் நான் சொல்கிறேனே, எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? புத்தகம். எங்க தாத்தா கொட்டடிச்சவர். தாமிரபரணிப் பாசனத்தில் வாழையும் நெல்லுமாக இருக்கிற ஊர். சாவு விழுந்தால் ஆள் வந்து 'சொல்லிட்டுப்' போவான், கூப்பிட மாட்டான். கூலி பேச முடியாது, வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. எங்கப்பா படித்து வேலைக்குப் போன வருஷம் கொட்டைப் பரணில் தூக்கிப் போட்டார். சின்ன வயசில் நான் ஒருதரம் ஏறி எடுத்து விரலால் தட்டினேன். கன்னத்தில் பளார் என்று விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கையை விடுவிக்கத்தான் அவர் அடித்தார். கிதார்ப் படத்தில் ஜாக் ஒயிட், தன் சின்ன வயசு உருவம் என்று ஒரு பையனுக்குத் தன்னைப் போலவே உடை போட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறாரே, அந்தக் காட்சியில் எனக்குத் தொண்டை அடைத்தது. மூன்று தலைமுறையில் எங்கள் வீட்டில் இழிவும் போயிற்று, வித்தையும் போயிற்று. இரண்டையும் பிரித்தெடுக்க யாரும் எங்களுக்கு நேரம் கொடுக்கவில்லை.

இயக்கத்துக்குள் நாம் முப்பது வருஷமாகச் சண்டை போடுகிற விஷயம் இது. பறையடிக்க மாட்டோம் என்று ஊர் ஊராக மறுத்து, அதற்காக அடிவாங்கி, ஊர்விலக்கம் அனுபவித்தவர்கள் நம்மவர்கள். அந்த மறுப்பு ஒரு கலகம். பறையைத் தூக்கி மேடையில் அடித்து இது எங்கள் ஆயுதம் என்றவர்களும் நம்மவர்கள். கே.ஏ. குணசேகரன் 'தன்னானே' குழுவோடு ஊர் ஊராகப் பாடித் திரிந்தாரே, அதுவும் கலகம். இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்கிற வேலையை நான் செய்யப் போவதில்லை. யார் கேட்டு அடிக்கிறோம் என்பதில் இருக்கிறது விஷயம். ஆதிக்க சாதிக்காரன் சாவுக்கு நாம் அடித்தால் அது 'முறை'. நம் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் அடித்துக்கொண்டு அவன் தெரு வழியாகப் போனால் அது 'கலவரம்'. அதே தோல், அதே குச்சி, அதே அடி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலித் என்றால் பறை என்று ஒரே அடையாளமாக்குவதை நம்மில் எல்லோரும் ஏற்கவில்லை. இந்த ஆற்றங்கரையில் அது நன்றாகத் தெரியும். அந்த மறுப்பையும் மதித்துத்தான் பேச வேண்டும்.

சரி, தோலுக்கு வருவோம். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் பறைகளில் பாதி இரும்பு வளையம், ஃபைபர் தகடு. மழையில் நனைந்தாலும் கவலையில்லை, காய்ச்ச வேண்டாம், தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறலாம். செத்த மாட்டின் தோலோடு நமக்கிருந்த கட்டாய உறவு அறுந்தது என்று சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நியாயம்தான். பழைய கலைஞர்கள் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள், 'தகரம் மாதிரி கேக்குது' என்கிறார்கள். அதுவும் நியாயம்தான். தோலில் இழிவு இருந்தால் மிருதங்கத்தில் என்ன இருக்கிறது? பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் இருக்கிறது. அதைச் செய்து கொடுப்பது பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள். டி.எம். கிருஷ்ணா அவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று புத்தகம் எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்ப வாங்கிக்கொண்டது. வேறு இடத்தில் வெளியிட்டார்கள். வாசிக்கிறவன் மடியில் ஏறிய பிறகு தோல் புனிதமாகிவிடுகிறது. தோலை உரித்தவன் பெயரைச் சொன்னால்தான் தீட்டு.

வங்கியில் வேலை பார்க்கிறவன் என்பதால் ஒரு சங்கதி. முன்பு நான் இருந்த ஒரு கிளைக்கு மேளக் குழு வைத்திருந்த பெரியவர் ஒருவர் வந்தார். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டை கையில். புதுக் கருவிகள் வாங்கச் சின்னக் கடன் கேட்டார். விண்ணப்பத்தில் தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று மேலதிகாரிக்கும் எனக்கும் வாக்குவாதம். 'இசைக் கலைஞர்' என்று நான் எழுதினேன். 'அதெல்லாம் ஆர்கெஸ்ட்ராக்காரங்களுக்குப் போடுறதுப்பா' என்று அடித்துவிட்டு 'இதரக் கூலி' என்று மாற்றினார். கூலிக்கு எதற்குக் கருவிக் கடன்? கடன் போயிற்று. பெரியவர் கோபப்படவில்லை. 'அவுக சொல்லுதது எப்பவும் உள்ளதுதான தம்பி' என்று அட்டையை மடித்து வைத்துக்கொண்டார். 'இது ஒரு இசை' என்று ஒரு படம் பெயர் வைத்துக்கொள்ள வேண்டியிருப்பது ஏன் என்று கேட்டால் நான் அந்தக் கட்டத்தைத்தான் காட்டுவேன்.

சன் ஹவுஸ் கதையை மனசில் வைக்கச் சொன்னேன். இன்றைக்குச் சென்னையில், பெங்களூரில், வெளிநாடுகளில் பறைப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளைகள் சனி, ஞாயிறுகளில் கற்கிறார்கள். புத்தர் கலைக்குழு மணிமாறன், மகிழினி போன்றவர்கள் அரசியலோடு சேர்த்துக் கற்றுக்கொடுக்கிறார்கள், அது வேறு. ஆனால் 'பறை தமிழனின் ஆதி இசை' என்று ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுச் சாதியைச் சத்தமில்லாமல் கழற்றி வைத்துவிடுகிற வகுப்புகளும் இருக்கின்றன. எல்லாத் தமிழனுடையது என்றால், இழவு வீட்டில் அடிக்க எல்லாத் தமிழனும் ஏன் வரவில்லை? நாளைக்கு ஒரு பையன் நம் தாத்தாவின் அடிகளை நமக்கே திரும்பக் கற்றுக்கொடுப்பான். ஆல் வில்சன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. சன் ஹவுஸ் ஏன் கிதாரை விட்டார் என்ற கேள்வியை அவர் கற்றுக்கொடுத்தது அழித்துவிடக் கூடாது என்கிறேன். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சந்தோஷம். விண்ணப்பக் கட்டத்தில் அதற்குப் பிறகாவது ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கிதார்ப் படத்தில் மூவரும் ஆண்கள்.  மின்கிதாரை 1940களிலேயே மேடையில் அலறவிட்ட கறுப்புப் பெண் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். அவரை அந்தக் கூடத்துக்கு யாரும் அழைத்து வரவில்லை, பெயராகக்கூட. நம்மிடமும் பறை ஆண்கள் கையில்தான் இருந்தது. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா நடத்தும் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையடித்து ஆடுகிறார்கள். அவர்களைப் பற்றியும் ஷெரினியன் பிறகு 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்று படம் எடுத்தார். அடுத்த கூட்டத்தில் அதைப் போட ஏற்பாடு செய்யுங்கள். வீட்டில் குரல் எழுப்பவே அனுமதியில்லாத பெண் கையில் அந்தக் கருவி வரும்போது 'சத்தம்' என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் வருகிறது.

கிதாரும் பறையும் எதிரிகள் என்று நான் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்க அண்ணன்மார் காலத்தில் 'இளைய நிலா' பாட்டின் கிதாரை வாசிக்க முயலாத பையன் சேரியிலும் கிடையாது. அந்த ஒலியை அமைத்தவர் பண்ணைப்புரத்துக்காரர், தானே கிதார் வாசித்தவர். 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் நிகழ்ச்சி நடந்தது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானாவும் பறையும் சட்டியும் ராக் கிதாரும் ஒரே மேடையில். மின்சாரம் போனால் கிதார் செத்துவிடும், பறை நிற்காது. ஆனால் எத்தனையோ மேடைகளில் ஒலிப்பெட்டிக்காரர் கிதாரை ஏற்றிவிட்டுப் பறைக்காரரைப் பார்த்து 'கொஞ்சம் கொறச்சு அடிங்க' என்று கைகாட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதைத் தலைகீழாக்கினால் என்ன ஒலி வரும் என்று யோசிக்கிற இசையமைப்பாளன் நமக்கு வேண்டும்.

கடைசியாக, நம்மைப் பற்றி. நம் மாநாடுகளில் என்ன நடக்கிறது? கூட்டம் சேர்க்கப் பறை. தலைவர் வரும்போது பறை. தலைவர் மேடையேறியதும், 'போதும் நிறுத்துங்கப்பா'. பிறகு நாலு மணி நேரம் பேச்சு. அடித்தவர்கள் பந்தலுக்குப் பின்னால் குச்சியைத் துடைத்துக்கொண்டு பொட்டலச் சாப்பாட்டுக்குக் காத்திருப்பார்கள். துண்டறிக்கையில் அவர்கள் பெயர் இருக்காது, 'பறையிசை' என்று ஒரு வரி இருக்கும். இந்தக் கூட்டத் துண்டறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறது, என் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில். படம் தொடங்குமுன் வாசலில் அடித்தவர்கள் நாலு பேரும் இன்னும் போகவில்லை, வராந்தாவில்தான் இருக்கிறார்கள். நெருப்பு காய்ச்சியதைப் பற்றி, குச்சியைப் பற்றி, யாரிடம் கற்றார்கள் என்பதைப் பற்றி உங்களுக்குக் கேட்க இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். தோழர், அந்த நாற்காலிகளை முன்னால் போடுங்க. மைக்கை அவங்க கிட்ட குடுத்துடுதேன்.